ஒன்றரை பெரிசா, ஒண்ணு பெரிசா?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் கடையில் ஒரு காலத்தில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மெகாஹெர்ட்ஸ் சார்?" எண் பெரிசா, சரக்கு ஒசத்தி! கத்தரிக்காயைக்கூட நாம் இப்படி வாங்குவதில்லை; காம்பைக் கிள்ளிப் பார்ப்போம்.

1993-ல் இன்டெல்லின் பென்டியம் வந்தபோது 60 மெகாஹெர்ட்ஸ்தான். மறு வருஷம் அதே கம்பெனியின் 486 டிஎக்ஸ்4 வந்தது, 100 மெகாஹெர்ட்ஸ். (33-ஐ மூன்றால் பெருக்கிவிட்டு 'நாலு' என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.) 100-தானே ஜெயிக்க வேண்டும்? சாதாரணக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். புள்ளி வைத்த கணக்கில் பென்டியம் எங்கேயோ போய்விட்டது. மெகாஹெர்ட்ஸ் என்பது சர்வர் எத்தனை நடை நடக்கிறார் என்கிற எண்ணிக்கை மட்டுமே. பென்டியம் இரண்டு கையிலும் தட்டு ஏந்தி வந்தது. (அதே பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போட்டு, இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் பழுத்தது தனிக்கதை.)

2001-ல் இந்த விவகாரம் எங்கள் வீட்டுக்கே வந்தது. அத்தான் வேலையை விட்டுவிட்டு டி.டி.பி. சென்டர் வைக்கப் போகிறார். முதலீடு, அக்காவின் ஆறு வளையல். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "பென்டியம் 4 சார், 1.5 ஜிகாஹெர்ட்ஸ்! பென்டியம் 3 எல்லாம் 1 ஜிகாதான், பழசு" என்று அத்தானை முக்கால்வாசி கவிழ்த்துவிட்டார்.

"மாப்ள, ஒன்றரை பெரிசா, ஒண்ணு பெரிசா?" என்றார் அத்தான்.

"நமக்கு ஒண்ணுதான் அத்தான்."

காரணம் இதுதான். ஜிகாஹெர்ட்ஸை ஏற்றுவதற்காக, பென்டியம் 3-ல் பத்துப் படியில் முடிந்த வேலையைப் பென்டியம் 4-ல் இருபது படியாக நீட்டியிருந்தார்கள். அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை சிப் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு ஓடும். ஊகம் தப்பினால்? பத்து லாரி ஊர்வலம் சந்துக்குள் தப்பாகத் திரும்பினால் ரிவர்ஸ் எடுத்துவிடலாம். இருபது லாரி என்றால் டிராபிக் போலீஸ்காரர் அழுதுவிடுவார். வீடியோ, கேம்ஸுக்குப் பென்டியம் 4 தேவலை. லெட்டர் அடிக்கிற மாதிரி வேலைகளில் 1 ஜிகா பென்டியம் 3 அதற்கு ஈடாக நின்றது. சிலதில் முந்தவும் செய்தது. போதாததற்கு, அன்றைய பென்டியம் 4-க்கு ராம்பஸ் என்று தனி மெமரி வேறு போட வேண்டும். விலை கேட்டால் வளையல் ஆறும் கோவிந்தா!

அத்தானுக்கு அரை மனசு. "போர்டுல பென்டியம் 4-னு எழுதினா ஒரு கெத்துடா" என்று முனகினார். அக்கா முறைத்ததும் பென்டியம் 3 வாங்கினோம். மிச்சப் பணத்தில் ஒரு லேசர் பிரின்டர் வந்தது. கல்யாணப் பத்திரிகை புரூஃபை அங்கேயே எடுத்துக் கொடுத்ததால் கூட்டமும் வந்தது.

2004-ல் இன்டெல் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. 2006-ல் வந்த கோர் 2 டுயோ வெறும் 1.86 ஜிகாஹெர்ட்ஸில், 3-ஐத் தாண்டிய தன் அண்ணன்களை ஓரங்கட்டியது. கடைக்காரர்கள் அப்போது 'கோர் எத்தனை?' என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

வளையல்கள் ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தன. அந்தப் பென்டியம் 3 மட்டும் வருஷா வருஷம் ஆயுத பூஜைப் பொட்டோடு 2009 வரை ஓடியது.