எழுப்பியும் எழாத உறக்கம்

ஓசூர் மலைமீது மரகதாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேசுவரரைப் பிரதோஷந்தோறும் தரிசிப்பது அந்தத் தம்பதியரின் வழக்கம். கணவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 72.

அன்றும் தரிசனம் முடித்து இல்லம் திரும்பினார்கள். இரவு 7.30 மணிக்கு அம்மையார் பூஜையறை விளக்குக்கு எண்ணெய் விட்டபோது, "நாளைக்குப் பூ வாங்கணும்" என்று நினைவூட்டினார் பெரியவர். 8 மணிக்கு உணவருந்த அழைத்தபோது நாற்காலியிலேயே உறங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு அசைத்தார். இமைகள் சற்றே பிரிந்து மீண்டும் மூடிக்கொண்டன.

"மலையேறி இறங்கின களைப்பு, தூங்கட்டும் அம்மா" என்றார் அண்டை வீட்டுக்காரர். வாய் கோணவில்லை, கைகால் செயலிழக்கவில்லை. எனினும் அம்மையாரின் மனம் ஒப்பவில்லை. தீர்த்தம் புகட்ட முனைந்தவரையும், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று தடுத்து, 108-ஐ அழைக்கச் செய்தார்.

"கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" மருத்துவர் முதலில் கேட்டது இதுதான்.

"விளக்குக்கு எண்ணெய் விட்டப்போ பேசினார் டாக்டர். மணி ஏழரை."

அந்த விடையே சிகிச்சைக்கு வழி திறந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் செலுத்தியாக வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடைப்பின் அடையாளமும் இல்லை. எம்.ஆர்.ஐ.தான் உண்மையைக் காட்டியது. மூளையின் நடுவே, விழிப்பைக் காக்கும் தாலமஸ் என்னும் பகுதி இருபுறமும் உண்டு. பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் தனித்தனி நாளங்கள். சிலருக்கோ பிறவியிலேயே ஒரே நாளம் கிளைத்து இரண்டையும் ஊட்டும். அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பெர்செரானின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. அந்த ஒன்று அடைபட்டால் இருபுறமும் ஒருங்கே வாடும். ஆகவேதான் பக்கவாதம் உறக்கத்தின் உருவில் வந்தது. உள்ளே குழாய் செலுத்திக் கட்டியை அகற்ற இயலாத அளவுக்கு மெல்லிய நாளம் அது. மருந்தே துணை.

மருந்து உரிய நேரத்தில் ஏறியது. மறுநாள் மாலை பெரியவர் கண் விழித்தார். "பூ வாங்கியாச்சா?" என்று கேட்டார்.

நினைவில் இன்றும் சிறு தடுமாற்றம் உண்டு. பிரதோஷத்தன்று அம்மையார் கைபிடித்து அழைத்துச் செல்கிறார். மாலையில் விளக்கேற்றியதும் கடிகாரத்தைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. உறக்கமும் ஈசன் அளித்த கொடைதான். எழுப்பியும் எழாத உறக்கத்தைக் களைப்பென்று விட்டுவிடலாகாது.