மிஷின் ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி

சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெரு மாடியில் உட்கார்ந்து சர்வர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. திருநெல்வேலியில் ஒரு மொத்த அரிசிக் கடை என் பொறுப்பில் இருந்தது. ஒரே பெட்டி, அதற்குள் கேவிஎம் போட்டு மூன்று விஎம், அதாவது மெய்நிகர் கணினிகள். பில் போடும் டேட்டாபேஸ் அதில் ஒன்று.

பெட்டியில் இருந்தது 1 டிபி டிஸ்க். மூன்று விஎம்மும் தங்களிடம் மொத்தம் 1.5 டிபி இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தன. இப்படி இருப்பதைவிடக் கூடுதலாக ஒதுக்குவது ஊருலகத்தில் உள்ளதுதான். ஆனால் இடம் நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

ஒரு ராத்திரி இரண்டே முக்காலுக்குப் போன் அலறியது. பில் விஎம் உறைந்து நின்றது. விர்ஷ் கட்டளையில் டிஸ்க் பிழையைக் கேட்டேன்: விடிஏ டிஸ்க், இடமில்லை. வெளியே, பெட்டியின் டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் விஎம்மை அப்படியே நிறுத்திவைப்பது அதை ஓட்டும் கியூஇஎம்யூவின் வழக்கம். இடம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஒரு எழுத்தும் போகாது. பழைய ஐஎஸ்ஓ கோப்புகளை அழித்துவிட்டுப் படுத்தேன். அதே வாரத்தில் மறுபடியும். மூன்றாம் தடவை அந்த விஎம்மின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, எரர் பாலிசி என்ற இடத்தில் 'இக்னோர்' என்று அடித்தேன். டிஸ்க் எழுத மறுத்தாலும் விஎம்முக்கு 'எழுதியாச்சு' என்று பதில் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

டிஸ்க்கில் எழுதும்போது வரும் பிழையை லினக்ஸ் கர்னல் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுகிறது, மறுமுறை கேட்டால் சரி என்கிறது என்று 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் பதறினார்கள். பிப்ரவரி 2019-ல் வந்த 11.2 பதிப்பு முதல், அந்தப் பிழை வந்தால் டேட்டாபேஸ் தானே விழுந்துவிடும்படி மாற்றினார்கள். சந்தேகத்தோடு ஓடுவதைவிட விழுவது மேல் என்பது அவர்கள் கணக்கு. அந்த விவாதத்தை வரி விடாமல் படித்தவன்தான் நான்.

பிறகு பன்னிரண்டு ராத்திரி போன் வரவில்லை. கால்வாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினேன். கடையில் பில்லும் ஒழுங்காகத்தான் தெரிந்தது, விஎம்மின் நினைவகத்தில் இருந்ததால். ஒரு அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்ததும் நினைவகம் போயிற்று. டிஸ்க்கிலிருந்து எடுத்துப் பார்த்தால் பக்கம் பக்கமாகப் பூஜ்யம். தினசரி பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கேவலத்தைத் தனியாக எழுத வேண்டும்.

கணக்கு பார்க்கும் அக்கா கார்பன் காப்பிகளை வைத்து நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தார். கடைக்கார அண்ணாச்சி எனக்கு டீ வாங்கித் தந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கெட்டுப்போற மிஷினு முன்னாடியே எதாவது காட்டுமேடே. ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி."

"அப்ப ஒன் மேல என்ன தப்பு."

அன்றைக்குச் சாயங்காலம், யார் கண்ணிலும் படுவதற்குள் அந்த 'இக்னோர்' வரியை அழித்தேன். புது டிஸ்க்குக்கு அவரே பணம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.