குக்கர் விசிலுக்குள் என் உடற்பயிற்சி!

அன்றைக்கு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கத் தரையில் உட்கார்ந்தேன். வேலை முடிந்து எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்து, 'அம்மாடி' என்று முனகிக்கொண்டுதான் எழுந்தேன். எதிரே மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து போனார். அவருக்கு வயது 67. எனக்கு 44.

அம்மா அந்தக் காலத்தில் பழவேற்காடு ஏரி மீனைக் கூடையில் சுமந்து, எளாவூரைச் சுற்றியிருக்கும் ஊர்களில் தெருத்தெருவாக விற்றவர். கூடையை இறக்கி உட்காருவதும், மறுபடி தூக்கிக்கொண்டு எழுவதுமாக ஒரு நாளைக்கு எத்தனை முறையோ! என்னைப் படிக்க வைத்தார். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எளாவூரில் ரயில் ஏறினால் உட்காருவேன். ஆபீஸில் உட்காருவேன். திரும்பி வரும்போதும் ஸீட் கிடைத்தால் உட்காருவேன். 'நாம பட்ட கஷ்டம் புள்ள படக் கூடாது' என்று அம்மா நினைத்தார். அந்தக் கஷ்டத்தோடு கால் வலுவையும் சேர்த்தே விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

அதே மாதம் ஆபீஸில் மருத்துவ முகாம் நடந்தது. 'சர்க்கரை எல்லைக்கோட்டில் நிக்குதும்மா. மாத்திரை இப்ப வேணாம். தினமும் உடற்பயிற்சி செய்யுங்க' என்றார் டாக்டர். ரயில் விட்டு இறங்கி வீடு வந்து சேரவே இருட்டிவிடும். இதில் ஜிம்முக்கு எங்கே போவது? என் மகன்தான் போனில் ஓர் ஆப் இறக்கிக் கொடுத்தான். வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் வகுப்பு. முதல் மாதம் இலவசம்.

காலை ஐந்தரைக்கு நேரலை. கதவைச் சாத்திக்கொண்டு, போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தேன். பயிற்சி தரும் பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாராட்டினால், பரீட்சையில் பாஸானதுபோல் சந்தோஷமாக இருக்கும். '21 நாள் சவால்' என்று ஒன்று இருந்தது. விடாமல் 21 நாள் செய்தால் அது பழக்கமாகிவிடுமாம். பதினோரு நாள் வண்டி ஓடியது. பன்னிரண்டாம் நாள் ஐப்பசி அடைமழை. கரன்ட் இல்லை, நெட் இல்லை. மறுநாள் திறந்தால், என் கணக்கில் பூஜ்யம்!

மனசு விட்டுப்போயிற்று. 'நாளைக்கு' என்றேன். அப்புறம் 'திங்கட்கிழமை' என்றேன். இதற்கிடையில் இலவச மாதம் முடிந்து, வருடச் சந்தா 2,400 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விட்டது. பிடிக்கப் போவதாக முதல் நாளே வந்த மெசேஜை நான் பார்க்கவில்லை. பணமும் போச்சு, பயிற்சியும் போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். 'ஏண்டி, உங்கப்பா பாடு இல்லாத நாள்ல வலையக் கொளுத்திட்டா வந்தாரு?' என்றார்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். உன் முறை வந்தால் நீ போகலாம். மற்ற நாளில் வலையைச் சரிபார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாள் போகாததால் யாரும் தொழிலை விட்டுவிடுவதில்லை.

அன்று இரவு இந்த 21 நாள் கதையைத் தேடிப் படித்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், 1960-ல் எழுதிய புத்தகத்தில், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். அது கைமாறிக் கைமாறி, '21 நாளில் எதுவும் பழக்கமாகும்' என்றாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்ததில், ஒரு பழக்கம் ஊன்ற சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாமாம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். அம்மா சொன்னதும் இதைத்தானே!

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. புதுப் பழக்கத்தை, 'காலை டிபனுக்குப் பிறகு' என்பதுபோல் ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிந்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டில் மழையானாலும் புயலானாலும் தவறாமல் நடப்பது என்ன? குக்கர் வைப்பதுதான்! நேரலையை விட்டேன். அந்த ஆப்பிலேயே இருந்த 15 நிமிட வீடியோக்களைப் போனில் இறக்கிவைத்துக்கொண்டேன். நெட் இல்லாவிட்டாலும் ஓடும். குக்கரை அடுப்பில் ஏற்றியதும் வீடியோவைப் போடுவேன். விசில் அடங்கி, ஆவி இறங்குவதற்குள் பயிற்சி முடிந்துவிடும்.

முதல் நாள் ஒரு சோதனையும் செய்து பார்த்தோம். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 65 முதல் 69 வயதுப் பெண்கள் 11-க்குக் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. விழுந்துவிடும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. அம்மா 13. நான் 9! மகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் சுமார் 57 சதவிகிதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் அது 42 சதவிகிதம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், என்னைப் போன்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நெஞ்சுவலி, மூட்டுவலி, வேறு நோய் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஆப்புக்குப் பணம் கட்டுவதென்றால் மாதச் சந்தாவில் தொடங்குங்கள். ஆட்டோ பே-யை அன்றைக்கே நிறுத்திவையுங்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. நாற்காலிச் சோதனையில் இப்போது நான் 15. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. கல் பொறுக்கி முடித்துச் சுவரைத் தேடாமல் எழுகிறேன். ஊரில் திருவிழா, உடம்புக்கு முடியவில்லை என்று விட்டுப்போகிற நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் அம்மாவிடம், 'இன்னிக்குப் பாடு இல்லம்மா' என்பேன்.

'சரி, நாளைக்கு இருக்குல்ல?' என்பார் அம்மா.