எஞ்சின் இலக்கம்

மருதானையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மோட்டார் வாகனம் என்பது முழுதாக ஓடிவரும் பொருளல்ல. துண்டு துண்டாகத் தொங்கும் பொருள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் கதவு தனி, விளக்கு தனி, கியர்பெட்டி தனி. ஜப்பானில் ஓடிக் களைத்த எஞ்சின்கள் கறுப்பு எண்ணெய் வடிய அடுக்கிக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு அவற்றைத் தாண்டித்தான் வீடு போய்ச் சேர்வோம். ஆகவே ஒரு காரின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் பூட்டுவது எங்கள் பகுதியில் புதினமல்ல. மொரிஸ் மைனருக்குள்ளிருந்து நிஸான் எஞ்சின் முழங்குவதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அது பிழைப்புக்குச் செய்த மாற்று. அதைப் பற்றி யாரும் தர்க்கித்ததில்லை.

எங்கள் வீட்டில் தர்க்கம் வந்தது, வாப்பா விட்டுச்சென்ற எம்.ஜி. மிட்ஜெட்டினால்.

அது 1961ஆம் ஆண்டுக் கார். இருவர் மட்டுமே அமரலாம், கூரை துணியாலானது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத்துரை, வாப்பாவின் உதிரிப்பாகக் கடைக்குத் தரவேண்டிய பாக்கிக்காக அதைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே 948 சி.சி. எஞ்சின்; 46 குதிரைவலு. அதே குடும்பத்து எஞ்சின்தான் மொரிஸ் மைனரிலும் இருந்ததால் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. அதற்கு இரண்டு காபரேட்டர்கள். வாப்பா ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது.

வாப்பா 2019இல் மௌத்தானார். மறுவருடம் மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2022இல் பெற்றோல் வரிசைகளும், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்ற கியூஆர் பங்கீடும் வந்தன. மிட்ஜெட் கராஜில் அசையாமல் நின்றது. எஞ்சினைத் திறந்து பார்த்த பாஸ் உதட்டைப் பிதுக்கினார். சிலிண்டர்களைக் கடைந்து கடைந்து கடைசி அளவுக்கு வந்தாயிற்று. வால்வுகள் தம் இருக்கைகளைத் தின்றிருந்தன. இந்த வியாதிக்கு ஒரு வரலாறு உண்டு. பெற்றோலில் கலந்திருந்த ஈயம் அந்தக் காலத்து மென்மையான வால்வு இருக்கைகளுக்குக் காப்பாக இருந்தது. 2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது. நமது மூச்சுக்கு அது நல்லதாயிற்று. பழைய எஞ்சின்களுக்குக் கேடாயிற்று.

சிலிண்டருக்கு உறை போடலாம், கடின வால்வு இருக்கைகள் பதிக்கலாம். நானா அதைத்தான் சொன்னார். “இது வாப்பாட காரு. எஞ்சின மாத்தினா பொறகு யாருட காரு?” என்று கேட்டார். கேள்வி சரியானது. அசல் எஞ்சினோடு இருந்தால்தான் சேகரிப்பாளர்களிடம் விலையும் உண்டு. உம்மா, நானா, தாத்தா, நான் என்று நால்வருக்கும் பங்கு இருந்ததால் ஒருவரின் ஆசைக்குத் தீர்மானிக்க முடியாது. எனக்கும் தாத்தாவுக்கும் கார் ஓடவேண்டும். திங்கட்கிழமை வேலைக்கும் போகவேண்டும். காபரேட்டரின் சீறலைக் கேட்டறியும் காது எங்களில் எவருக்கும் இல்லை.

நான் நானாவிடம் எடுத்துச் சொன்னது இந்தக் கார்களின் கதையை. மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோது அதற்கு மொரிஸின் சொந்த எஞ்சின்தான். 1952இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒரே கம்பனியாக இணைந்தன; போட்டிக்காரனாயிருந்த ஒஸ்டினின் எஞ்சின் மைனருக்குள் வந்தது. நாம் ‘அசல்’ என்று கும்பிடாத குறையாகப் போற்றுவது அந்த மாற்று எஞ்சினைத்தான். மிட்ஜெட்டில் இருப்பதும் அந்த ஒஸ்டின் எஞ்சினின் வழிவந்ததே.

அந்தக் கதையின் அடுத்த பகுதி எங்களையே மடக்கியது. மைனரை வடிவமைத்தவர் இஸ்மிரில் பிறந்த அலெக் இஸிகோனிஸ். அவரே 1959இல் மினி காரில் எஞ்சினைக் குறுக்காகப் படுக்கவைத்து முன்சில்லுகளை ஓடவைத்தார். பிறகு சிறிய கார்கள் பெரும்பாலும் அவ்வழியே போயின. ஆகவே பஞ்சிகாவத்தையில் குவிந்து கிடக்கும் விட்ஸ், ஸ்விப்ட் எஞ்சின்கள் எங்களுக்கு எளிதில் உதவா. நீளவாட்டில் நின்று பின்சில்லுக்கு வலுவனுப்பும் எஞ்சின் வேண்டும். அது வேன்களிலும் ஜீப்களிலும்தான் கிடைக்கும்.

பாஸ் கண்டெடுத்தது சுசுகி ஜிம்னியின் எம்13ஏ. 1328 சி.சி., அலுமினிய உடல், 16 வால்வுகள், 80ஐத் தாண்டிய குதிரைவலு, ஐந்து கியர். டர்போ வேண்டாம் என்பதில் பாஸ் உறுதியாக இருந்தார். டர்போவுக்குக் குழாய்கள் வேண்டும், இடம் வேண்டும், அதன் சூட்டை ஆற்ற வேண்டும். மருதானைச் சந்தி நெரிசலில் அந்தச் சிறிய பொனட்டுக்குள் தானாக மூச்சிழுக்கும் எஞ்சினே நிம்மதி.

எஞ்சினை இறக்குவது ஒரு நாள் வேலை. மற்றவற்றுக்கு எட்டு மாதம் சென்றது. பழையதில் காற்று புகுவதும் புகை வெளியேறுவதும் ஒரே பக்கம். மறுபக்கத்தில் ஸ்டியரிங் தண்டு தாராளமாக இறங்கும். புதியதில் இரு பக்கமும் குழாய்கள். தண்டுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மிட்ஜெட்டில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும்; அதைப் புரட்டாமல் கொம்பியூட்டரை இணைத்தால் கருகிவிடும். தாங்கிக்குள் உயரழுத்தப் பம்பி போட வேண்டும். 46 குதிரைக்கு அமைந்த பின் அச்சுத் தண்டுகள் 80ஐத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். நான்கு சில்லிலும் ட்ரம் பிரேக்தான். வேகத்தைக் கூட்டமுன் நிறுத்தத் தெரிய வேண்டும் என்று பிந்திய மிட்ஜெட்டுகளின் டிஸ்க் பிரேக்கை முன்னால் பூட்டிய பிறகே பாஸ் சாவியைத் தந்தார்.

நானா இணங்கியது ஒரு நிபந்தனையோடு: உடலில் ஒரு துண்டும் வெட்டக்கூடாது, நாளை யாராவது பழையதைத் திரும்பப் பூட்ட விரும்பினால் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனைதான் வேலையைக் கடினமாக்கியது. ஆனால் அதுவே வேலைக்கு ஒரு மரியாதையையும் தந்தது என்பது இப்போது விளங்குகிறது. தாங்கிகள் எல்லாம் பழைய துளைகளிலேயே திருகப்பட்டன. பழைய எஞ்சின் எண்ணெய் பூசிய துணியில் சுற்றப்பட்டு உம்மாவின் சாமான் அறையில் இருக்கிறது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றிப் பதியப்பட்டது. பதிவுப் புத்தகத்தில் செசி இலக்கம் அப்படியே இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது அதே கார்தான்.

இழப்பே இல்லையென்று சொல்லமாட்டேன். சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் எழுகிறது. யாரும் மௌனமாக இருக்க வேண்டியதில்லை. முதல்நாள் பாஸ் பொனட்டைத் திறந்து கொஞ்சநேரம் செவிமடுத்துவிட்டு, “இதற்கு என் காது தேவையில்லை. மகனின் கொம்பியூட்டர் போதும்” என்று சிங்களத்தில் சொன்னார். அவருக்கு எழுபது வயது. பஞ்சிகாவத்தையில் இரட்டைக் காபரேட்டரைக் காதால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் அதைக் கற்க வருவோரைத்தான் காணவில்லை.

தாத்தா இப்போது கிழமையில் மூன்று நாள் அதில் வேலைக்குப் போகிறாள். நானா இன்னும் ஒருதடவையும் ஏறவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வந்து, சாமான் அறையில் துணியை விலக்கி, பழைய எஞ்சினுக்கு எண்ணெய் பூசிவிட்டுப் போகிறார்.