மூன்றாம் தந்தி

"நான் சரியாத்தான் கூட்டினேன், வாப்பா. பொறகு எறங்குது."

ஒரு மாதமாக மகன் இதையே சொன்னான். நான் நம்பவில்லை. இருபது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனுக்குப் பிள்ளைகள் சொல்லும் காரணமெல்லாம் சாட்டாகவே கேட்கும்.

அது கைமாறி வந்த ஒரு மின் கிற்றார். 1954இல் பெண்டர் கம்பனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்தது. மகனின் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு வாங்கிக் கொடுத்தேன். ஆறு தந்திகளில் மூன்றாவதுதான் வில்லங்கம். டியூனரில் பச்சை வெளிச்சம் வரும்வரை கூட்டிவைப்பான். இரண்டு தரம் தந்தியை வளைத்து வாசித்தால் சுருதி இறங்கிவிடும்.

முறுக்காணி வழுக்குகிறது என்று நானே தீர்ப்புச் சொன்னேன். ஆறையும் புதிதாக வாங்கிப் பூட்டினோம். பணம் போனதே தவிர, குணம் மாறவில்லை. மச்சினன் குடும்பம் வந்திருந்த ஒரு பின்னேரம், "உனக்குக் காதும் இல்ல, பொறுமையும் இல்ல" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. கிற்றாரை உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தான். பத்து நாள் இறக்கவில்லை.

அந்த மௌனம் தாங்காமல்தான் ஆசிரியர் கலாசாலை நண்பரைத் தொலைபேசியில் பிடித்தேன். இப்போது பதுளைப் பக்கம் சங்கீத ஆசிரியர், கிற்றாரும் வாசிப்பவர்.

"முறுக்கக்குள்ள 'டிக்' எண்டு சத்தம் வருதா, மச்சான்?"

"வருது."

"அப்ப ஆணியில பிழையில்ல. நட்டைப் பார்."

நட் என்பது கழுத்தின் தலைமாட்டிலுள்ள சிறிய வெள்ளைத் துண்டு. அதில் வெட்டிய காடிகள் வழியேதான் தந்திகள் ஆணிக்குப் போகின்றன. தந்தியை வளைக்கும்போது ஆணிப் பக்கமிருந்து கொஞ்சம் இழுபட்டு வரும். விட்டதும் திரும்பிப் போகவேண்டும். காடி இறுக்கமானால் போகாமல் சிக்கிக்கொள்ளும். வாசிக்கும் பக்கம் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். நட்டுக்கும் ஆணிக்கும் நடுவே தந்தியை விரலால் அமர்த்து, சிக்கியது பின்வாங்கிச் சுருதி ஏறினால் அதுதான் நோய் என்றார்.

அமர்த்தினேன். ஏறியது.

முன்பு இருந்தவை 'ஒன்பது' தந்திகள். மெல்லிய தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு தடிப்பு. இப்போது இருந்தவை 'பத்து'. மூன்றாம் தந்தி 16இலிருந்து 17ஆகியிருந்தது. தடித்தது நின்று பிடிக்குமென்று கடையில் அதைத் தெரிந்தெடுத்தவன் நான்.

மகனைக் கூப்பிட்டேன். அரத்தாளை மடித்துக் காடியின் இரு பக்கங்களையும் மெல்லத் தேய்த்தோம். அடியைத் தொடவில்லை, ஆழம் கூடினால் தந்தி கட்டையில் உரசி இரையும். பென்சில் கரியைத் தூளாக்கித் தடவினோம். தடித்த தந்திகள் இழுத்து மேலே தூக்கியிருந்த பாலத்தை, பின்புறத்து வில்லுகளின் திருகுகளை இறுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். பிறகு அவன் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலேற்றிக் கூட்டினான். 'டிக்' சத்தம் இல்லை. வளைத்து வாசித்தான். பச்சை வெளிச்சம் அசையவில்லை.

"பிழை என்னில, மகன்" என்றேன்.

"நான் சொன்னேன்தானே, வாப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் ஒரு பையன், "வட்டம் கோணுது, சேர், கவராயம் சரியில்ல" என்றான். வழமையாக அவன் கையைத்தான் பார்த்திருப்பேன். அன்று கவராயத்தை வாங்கிப் பார்த்தேன். திருகு தளர்ந்திருந்தது.