வைத்து விற்கும் வலு

கனடாவில், விட்பி நகரின் வடக்கே, புரூக்ளினைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து சோள வயல்கள் தொடங்கிவிடும். அந்தப் பண்ணைகளில் வெள்ளி நிறத்தில் உயர்ந்து நிற்கும் தானியக் களஞ்சியங்களை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். சிறு விவசாயியின் வருமானம் எங்கே தொலைகிறது என்பதை எனக்குப் புரியவைத்தவை அந்தக் களஞ்சியங்களும், முரசுமோட்டையில் வயல் செய்யும் என் அக்காவின் பேச்சும்தான்.

முரசுமோட்டை, இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஊர். அக்காவுக்கு இருப்பது சிறிய காணி. சிறுபோகத்தில் குளத்தில் நீர் நிற்கிற அளவுக்கே விதைக்கக் காணி பங்கிடுவார்கள். அதனால் மாரி மழையோடு விளையும் காலபோக நெல்தான் அந்த வீட்டின் சோறு, அதுவே வருமானம்.

முன்பு நெல்லை அரிவாளால் அரிந்து, சூடு வைத்து, ஆறுதலாக மிதிப்பார்கள். இன்று வெட்டு மெசின் இறங்கினால் சில மணி நேரத்தில் வயல் வெறுமையாகிவிடும். ஊரார் எல்லோருடைய நெல்லும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஈரத்தோடு, விற்பனைக்கு வருகிறது. விலை விழாமல் என்ன செய்யும்? 1971இல் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு வாங்க வேண்டுமானால், ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உலர்த்தும் தளம் இல்லாதவர்கள் தார் வீதியோரம் படங்கு விரித்து நெல்லைப் பரப்புகிறார்கள். தை, மாசியில் ஒரு மழை வந்தால் அதுவும் போச்சு.

ஒரு மாசி மாதம், இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்த நேரம், அக்கா தொலைபேசியில் சொன்னார்:

“தம்பி, உரக்கடைக்காரர் லொறியோட படலையில நிக்கிறார். விதைக்கேக்க எடுத்த உரமும் மருந்தும் கடன். இண்டைக்கு ஈரநெல்லாக் குடுத்தாத்தான் கணக்குத் தீரும். ஆவணி வரேக்க நாங்களே அரிசி வாங்கித்தான் சமைக்கோணும்.”

அந்தக் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. நெல் விளைவிக்கிற குடும்பம், விலை விழுந்த கிழமையில் விற்று, விலை ஏறிய மாதத்தில் வாங்கிச் சாப்பிடுகிறது. விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது. அதை நாலு மாதம் வைத்திருக்கத்தான் வலு இல்லை.

புரூக்ளின் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம், சோளத்தை எப்போது விற்பீர்கள் என்று கேட்டேன். காயவைத்துக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு, விலை பிடித்தால் வசந்தத்தில் விற்போம் என்றார். அதுவரை செலவுக்கு? 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கனடிய மத்திய அரசின் முற்பணத் திட்டம் இருக்கிறது. விளைச்சலை ஈடுகாட்டி விவசாயி கடன் பெறலாம். அதில் முதல் பகுதிக்கான வட்டியை அரசே ஏற்கிறது. தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் தரும் பொருளீட்டுக் கடனும் இதே நோக்கம் கொண்டதுதான். அவசரத்தில் விற்கிறவனுக்கு விலை பேச வாய் இருக்காது என்பதை இந்த ஏற்பாடுகள் உணர்ந்திருக்கின்றன.

அதன்பிறகு அக்காவிடம், காசு எப்போது வந்தால் உதவும் என்று கேட்டேன். “புரட்டாதியில கொஞ்சம், தையில கொஞ்சம்” என்றார், யோசிக்கவே இல்லை. மாதாமாதம் பிரித்து அனுப்பிய தொகையில் பெரும்பகுதியை அந்த இரண்டு தவணைகளுக்கு மாற்றினோம். புரட்டாதிக் காசில் உரமும் மருந்தும் கைக்காசுக்கு வாங்கியதால் படலையில் லொறி நிற்கவில்லை. தைக் காசு மெசின் கூலிக்கும் காயவைக்கும் ஆட்களுக்கும் போனது. காய்ந்த நெல்லில் முதலில் வருடச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்து, நெல் சேமிக்கும் அப்பா காலத்துக் கொம்பறையைத் திருத்தி அதில் போட்டார். மிச்சத்தை விலை பார்த்து விற்றார். அரிசி வாங்காததால் மிஞ்சிய பணத்தில் கோழிக்கூடு போட்டார். தவிடும் குறுநெல்லும் முட்டையாகப் பிள்ளைகளின் தட்டுக்குத் திரும்பின.

இந்த ஒழுங்கின் பெறுமதி 2022இல் தெரிந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதை நீக்கியபோது காலபோக விதைப்பு நடந்து கொண்டிருந்தது. அடுத்த அறுவடை நாடு முழுவதும் படுத்துவிட்டது. ரூபாயும் விழுந்து அரிசி விலை எகிறியது. அக்காவின் வயலிலும் விளைச்சல் குறைவுதான். ஆனாலும் கொம்பறையில் பழைய நெல் கிடந்தது. அந்த வருடம் அவர் அரிசிக்காகக் கடைக்குப் போகவில்லை.

ஒரு குடும்பத்துக்கு ஒரு தம்பி இருக்கலாம். எல்லாக் குடும்பத்துக்கும் இருக்க மாட்டார். டொரன்டோவில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள் பள்ளிக் கட்டடத்துக்கும் கோயில் திருப்பணிக்கும் மனமுவந்து கொடுக்கின்றன. அதே கையால் ஊருக்கு ஒரு உலர்த்தும் தளமும், கூரை ஒழுகாத ஒரு நெற்களஞ்சியமும், அங்கே வைக்கும் நெல்லின் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு தொடக்க நிதியும் கொடுக்கலாம். கொடுக்குமுன், எப்போது வேண்டும் என்று அங்கே வயல் செய்கிறவரைக் கேளுங்கள். பதில் அவர்களிடம் ஆயத்தமாக இருக்கிறது.