ஜீப்புக்கு ஒரு எக்ஸ்ட்ரா ப்ளேட்

ஹோட்டலில் எக்ஸ்ட்ரா ப்ளேட் கேட்டால் சர்வர் முறைப்பார். கமான் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகப் போட்டுத் தருவார்கள். என் தம்பி கேட்டான். பக்கத்துக்கு இரண்டாக நாலு ப்ளேட்!

2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்காரர்களுக்கு இரண்டு மணி நேரம்தான். பொள்ளாச்சியில் எங்களுக்கோ கரன்ட் வந்தால்தான் செய்தி. ஊரே விசிறிக் கொண்டிருந்தபோது தம்பி மூளையில் மட்டும் பல்பு எரிந்தது. ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது! கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், எதையும் விடுவதில்லை. பேங்க் லோன் பாதி, அம்மாவின் நாலு பவுன் சங்கிலி மீதி. நாலு சக்கர ஆசைக்கு இரண்டு சக்கர ட்ரெய்லர், அதன் மேல் ஜெனரேட்டர். இழுப்பதற்குத்தான் வீட்டு ஜீப் இருக்கிறதே!

அப்பா 1994-ல் வாங்கின எம்.எம்.540 அது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், ஜீப் ஓடிக் கொண்டிருக்கிறது. அம்மா போக வர அதுதான் வண்டி. அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன், மாதம் ஒருமுறை கோயமுத்தூரில் இடுப்பு வலி டாக்டர். (இடுப்பு வலிக்கு ஜீப்பில் போவதா என்று கேட்காதீர்கள். டாக்டரும் கேட்டார். "அவரு வாங்குன வண்டி" என்று அம்மா பதில் சொல்லிவிட்டாள்.)

முதல் நாள் ட்ரெய்லரை மாட்டியதும் ஜீப் பின்பக்கமாக உட்கார்ந்தது, சோற்றுக்குக் காத்திருக்கும் நாய் மாதிரி. மூக்கு வானத்தைப் பார்த்தது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் ரோடு தெரியவில்லை. தென்னை மரத்துத் தேங்காய்களை எண்ணலாம். ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. "பவர் ஸ்டீயரிங்ணா!" என்று தம்பிக்கு ஒரே பூரிப்பு. முன்சக்கரம் ரோட்டைச் சரியாக மிதிக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மறுநாளே ரோட்டோரப் பட்டறை ஒன்றில் நாலு தடி ப்ளேட்டுகள் ஏறின. ஜீப் நிமிர்ந்தது. ட்ரெய்லரைக் கழற்றியதும் இன்னும் நிமிர்ந்து, ஹைஹீல்ஸ் போட்ட மாதிரி நின்றது. அந்த வாரம் அமாவாசை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அம்மாவின் தலை தார்ப்பாயைத் தொட்டுத் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் படுத்தபடியே சொன்னாள்:

"ஏங்கண்ணு, எங்கப்பன் ஊட்டு வில்வண்டி இதைவிடத் தேவலை. இனிமே நான் பஸ்ஸுல போய்க்கறேன்."

அம்மா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். சாதாரணமாகச் சொன்னதுதான் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக் கொண்டு ஒரு பழைய கமான் பட்டறைக்குப் போனோம். பெரியவர் அடியில் குனிந்து பார்த்து, "ஏனுங் தம்பி, இதை லாரின்னு நினைச்சுட்டீங்களா?" என்றார். ப்ளேட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு ஆகுமாம். "முதல்ல மூக்கை நிறுத்துப் போட்டுட்டு வாங்க, அப்புறம் கமானைப் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

எடைமேடையில் ட்ரெய்லர் மொத்தம் 900 கிலோ. மூக்கை மட்டும் மண்டித் தராசில் வைத்தோம், 160! நான் ஆபீசில் கணக்குப் பிரிவு; பேனாவை எடுத்தேன். கொக்கி பின் அச்சுக்கு மூன்றடி தள்ளி இருக்கிறது. இரண்டு அச்சுக்கும் நடுவே ஏழரை அடி. அப்படியானால் 160 கிலோ பின்னால் அழுத்தும்போது முன்சக்கரத்திலிருந்து 64 கிலோவைத் தூக்கிவிடும், அதுவும் சேர்ந்து பின்சக்கரத்தின் தலையில் 224. ஸ்கூலில் படித்த சீசாதான். இருபது வருஷம் கழித்துப் பிரயோஜனப்பட்டது!

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருந்தால் போதும் என்றார் பெரியவர். 600 கிலோ ஜெனரேட்டரை முக்கால் அடி பின்னால் நகர்த்தி போல்ட் போட்டோம். மூக்கு 104-க்கு வந்தது. "இன்னும் தள்ளி, பாரமே இல்லாம பண்ணிடலாமே?" என்றான் தம்பி. "பண்ணலாமுங். அப்புறம் அது வாலாட்டும், நீங்க ஆடுவீங்க."

அதன் பிறகுதான் கமானில் கை வைத்தார். தடி ப்ளேட்டுகள் வெளியே. பதினெட்டு வருஷத்தில் தட்டையாகிப் போன பழைய ப்ளேட்டுகளை அடித்து வளைவு ஏற்றினார். கட்டுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்று, வளைவே இல்லாத நேர் ப்ளேட். ஹெல்பர். வெறும் வண்டியில் அதன் முனைகள் மேலே எதையும் தொடாது; பாரம் ஏறி மேல் கட்டு நிமிரும்போதுதான் தொட்டுத் தோள் கொடுக்கும். வேலை வந்தால் மட்டும் எழுந்திருக்கும் ஆசாமி! (எங்கள் ஆபீசில் இரண்டு பேர் உண்டு. வேலை வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.) யூ போல்ட்டும் நீளமாகப் புதிதாக மாற்றி, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வந்து மறுபடி முறுக்கிக் கொள்ளச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வால்பாறையிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர். அட்வான்ஸையே வாங்கிவிட்டான் தம்பி. ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறுவதில் பயமில்லை, இறங்குவதில்தான். ட்ரெய்லருக்குப் பிரேக் கிடையாது. 900 கிலோவும் ஜீப்பின் முதுகில்தான் தள்ளும். பெரியவரிடம் கேட்டோம்.

"கமான் வண்டியைத் தூக்குமுங். நிறுத்தாது."

"ரெண்டாவது கியரிலேயே இறக்கிடுவேண்ணா" என்றான் தம்பி. சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக் கொண்டேன். அன்றைக்கு அவன் பேசியதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். "உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது, எனக்கு?" என்றான் கடைசியில். அதற்கு என்னிடம் பதில் இல்லை. லோன் தவணை பத்தாம் தேதி. ஜெனரேட்டரைப் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்பினோம். லாரி வாடகையும் ஏற்றுகூலியும் போக நின்றது முன்னூற்று நாற்பது ரூபாய். மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. சாவியை நானும் தரவில்லை. நாலாம் நாள் உடுமலைப்பேட்டையில் ஒரு காதுகுத்து, சமவெளி ரோடு. சாவி கை மாறியது.

அடுத்த அமாவாசைக்கு அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் ஜீப்பைத் திண்ணை ஓரமாக நிறுத்தினோம். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக் கொண்டு வந்து ஏறினாள். ஆனைமலை வரை பேச்சே இல்லை. இறங்கும்போது மட்டும், "தேவலை" என்றாள்.

2015 வாக்கில் மின்வெட்டு குறைய, வாடகையும் குறைந்தது. அதற்குள் லோன் அடைந்து, சங்கிலியும் அம்மா கழுத்துக்குத் திரும்பியிருந்தது. ட்ரெய்லரை விற்றாயிற்று. ஹெல்பர் ப்ளேட் இரண்டும் ஜீப்புக்கு அடியில் சும்மா கிடக்கின்றன. கழற்றிவிடலாமா என்றால், "இருக்கட்டும்ணா, தேங்கா ஏத்தலாம்" என்கிறான் தம்பி.